யார் மூச்சுக்கு யார் தாளம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை. வகுப்பு முடிந்து, பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பாய்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். எல்லாரும் சென்ற பின்னரும் ஒரு பெண் மாத்திரம் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அருகிலுள்ள தொழிற்பேட்டையில் மின்னணுச் சாமான்களை இணைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். வயது இருபத்தொன்று இருக்கலாம். ஏதோ கேட்க வந்து, கேட்கத் துணியாமல் நிற்கிறாள் என்பது தெரிந்தது. இருபது வருஷமாகப் பிள்ளைகளோடு பழகியவனுக்கு அந்த நிலையைக் கண்டுகொள்வது கடினமன்று.

“என்னம்மா?” என்றேன்.

“தை மாசத்தோட எனக்கு ஒப்பந்தம் முடியுது, சார். ஊருக்குப் போயிடுவேன். எங்க பக்கத்துல யோகா சொல்லித் தர யாருமில்லை. நானே சொல்லித் தரலாம்னு பாக்கிறேன். ஒரு நல்ல புஸ்தகம், ஒரு நல்ல பாட்டு, ஒரு நல்ல ரெக்கார்டிங், மூணும் சொல்லுங்க, சார்” என்றாள்.

கடையில் உப்பு, புளி, மிளகாய் கேட்பதுபோல் கேட்டுவிட்டாள். எனக்கோ சட்டென்று ஒன்றும் எடுத்துக் கொடுக்க வரவில்லை. “அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், அம்மா” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. ஆகவே இந்த வாரம் நேயர்களும் அதைச் சற்றுச் சுமக்க வேண்டியதுதான்.

எங்கள் வட்டாரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ளது வல்லம் வடகால். ‘சிப்காட்’ தொழிற்பூங்கா வந்த பிறகு, மோட்டார் சைக்கிள் முதல் கைப்பேசி உறுப்புகள் வரையில் இப்பகுதியில் உருவாகின்றன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கே 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி ஒன்று திறக்கப்பட்டது. நம் தேசத்தில் எத்தனையோ ஊர்களின் மொத்த ஜனத்தொகை அவ்வளவு இராது. பல ஜில்லாக்களிலிருந்தும் பெண்கள் இந்த வட்டாரத்துக்கு வருகிறார்கள். ஒரு ‘ஷிப்டு’ முழுவதும் பெரும்பாலும் நின்றபடியே வேலை செய்கிறார்கள். இடுப்பும் முழங்காலும் கழுத்தும் அவர்களுக்கு இருபது வயதிலேயே பேச ஆரம்பித்துவிடுகின்றன. அவர்களில் சிலர்தான் எங்கள் தாழ்வாரத்துக்கு வருகிறவர்கள். ஆகவே இந்தக் கேள்வி பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

முதலில் புத்தகம்.

யோகம் என்றதும் எல்லாரும் பதஞ்சலியின் பெயரைச் சொல்லுகிறார்கள். ஆனால் ஆசனம் கற்க விரும்பி அந்நூலைத் திறப்பவன் ஏமாந்து போவான். பாடபேதத்தைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள் உள்ள அந்நூலில், ஆசனத்தைக் குறித்தவை மூன்றே. ஓர் ஆசனத்தின் பெயர்கூட அங்கே கிடையாது. உடல் அசையாமலும் அதே சமயம் சுகமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை மட்டும் சொல்லிவிட்டு முனிவர் மேலே போய்விடுகிறார். மற்றவை யாவும் மனத்தைப் பற்றியவை. நம் பாரதியார் இந்நூலின் முதற் பாதத்தைத் தமிழில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதினார் என்பதைப் பலர் அறியார். மாணவருக்கு இந்நூல் உடனே வேண்டியதில்லை; ஆனால் ஆசிரியராகப் போகிறவர் இதை அறியாமலிருக்கலாகாது. தாம் கற்பிக்கும் வித்தை எதற்காக ஏற்பட்டது என்று தெரியாதவர், அதைச் சர்க்கஸ் ஆக்கிவிடுவார்.

தமிழிலேயே நமக்கு ஒரு மூலநூல் இருக்கிறது. ஒன்பது தந்திரங்களாக அமைந்த திருமந்திரத்தில் மூன்றாந் தந்திரம் முழுவதும் யோகம். அதிலும் ஆசனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையிலோ பதினைந்து ஆசனங்கள்தாம் விவரிக்கப்படுகின்றன. 1886-ல் கர்னல் ஆல்காட் தோற்றுவித்த அடையாறு நூலகம் இதனைப் பழைய உரையோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1972-ல் பதிப்பித்தது. இந்த நூலில் மூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் எப்படி மெல்ல மெல்லப் பழக்குகிறோமோ, அப்படியே பிராணனையும் பழக்கவேண்டும். அவசரப்பட்டால் அது பழக்குகிறவனையே அழித்துவிடும் என்பது அதன் சாரம். இந்த எச்சரிக்கையைப் பின்னால் நான் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும்.

படங்களோடு கூடிய யோகப் புத்தகங்கள் சென்ற நூற்றாண்டில் பரவியவை. மைசூர் மன்னரின் ஆதரவில் அரண்மனை யோகசாலையில் கற்பித்து வந்த திருமலை கிருஷ்ணமாசாரியார் 1934-ல் ‘யோக மகரந்தம்’ என்ற நூலைக் கன்னடத்தில் வெளியிட்டார். 1938-ல் அது மதுரையில் தமிழாக அச்சேறியது. அதே 1938-ல் அவரையும் அவருடைய சிஷ்யர் பி. கே. எஸ். அய்யங்காரையும் சலனப்படமாகவும் பிடித்தார்கள். ஒலியில்லாத படம். இன்று அதை எவரும் கைப்பேசியில் காணலாம். பார்த்தால் மலைப்பாக இருக்கும். அவருடைய முறைக்கு உயிர்நாடி, ஒவ்வோர் அசைவையும் உள்மூச்சோடோ வெளிமூச்சோடோ இணைப்பது. ஆனால் அந்தப் படத்தில் அசைவு தெரிகிறது, மூச்சு தெரியவில்லை. படம் பார்த்து யோகம் பயில்பவர்களுடைய சங்கடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

அந்தச் சிஷ்யரே 1966-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’ உலகெங்கும் பரவியது. 200 ஆசனங்கள், ஏறக்குறைய 600 புகைப்படங்கள். பிரசித்தி பெற்ற வயலின் வித்துவான் யெஹுதி மெனுஹின் அதற்கு முன்னுரை எழுதினார். 1952-ல் பம்பாயில் அய்யங்காரைச் சந்தித்து அவரிடம் யோகம் கற்றவர் அவர். பிற்பாடு, தமக்கு வாய்த்த வயலின் ஆசிரியர்களுள் சிறந்தவர் இவரே என்று பொருள்படும்படி ஒரு கைக்கடிகாரத்தில் பொறித்து அதை அய்யங்காருக்குப் பரிசளித்தார். யோகத்துக்குச் சங்கீதம் வேண்டுமா என்று நாம் யோசிக்கிறோம்; சங்கீத வித்துவானோ தம் சங்கீதத்துக்கு யோகம் வேண்டும் என்று வந்தார்!

இந்தப் புத்தகத்தில் பலர் பாராமல் விடும் பகுதிகள் இரண்டு உண்டு. ஒவ்வோர் ஆசனத்தின் பெயர் அருகிலும் அதன் கடுமையைக் காட்டும் எண் ஒன்று இருக்கிறது. பின்னிணைப்பில் 300 வாரங்களுக்கான பாடத்திட்டம் இருக்கிறது. முந்நூறு வாரம் என்றால் ஆறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. வாசகர்களோ படங்களை மாத்திரம் பார்த்து, முதல் நாளே இருநூறாவது பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறரை ஏன் சொல்லுகிறேன்? கல்லூரி நாட்களில் நானும் நூல்நிலையத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் சிரசாசனப் படத்தைக் கண்டு, முன் பக்கங்களைப் படிக்காமல், அறைச் சுவரோரமாகத் தலைகீழாக நின்றேன். ஆறு மாதம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குற்றம் புத்தகத்தினுடையது அன்று. நான் தவறாக நின்றபோது அது பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது. “நிறுத்து” என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

உழைப்பாளிகளுக்காக எழுதியவர் என்று ஒருவரை நம் பக்கத்திலேயே காட்டலாம். எங்களூரிலிருந்து வெகுதூரமில்லாத கூடுவாஞ்சேரியில், 1911-ல், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்தவருக்கு உழைக்கும் உடம்பின் வலி தெரியும். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கழுத்தை முறிக்கும் காரியம் ஒன்றுமில்லை. கை, கால், கண், மூச்சு என்று படிப்படியாகச் செல்வது. விளக்கங்களும் எளிய தமிழிலேயே இருக்கின்றன. கருத்துக்களைப் பாடல்களாகவும் இயற்றினார். பாய் விரிக்க இடமில்லாத அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு இதுதான் முதல் புத்தகம் என்பது என் எண்ணம்.

புத்தகக் கதை இவ்வளவு. இனி ஒலிப்பதிவு.

2014 டிசம்பர் 11-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை ஜூன் 21-ஐச் சர்வதேச யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் வருஷந்தோறும் அது கொண்டாடப்படுகிறது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் அன்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்லச் சொல்ல, மைதானம் நிறைந்த பிள்ளைகள் கைகளை உயர்த்தித் தாழ்த்துவார்கள். கண்ணுக்கு அழகான காட்சிதான். வருஷத்துக்கு ஒரு நாள் அறிமுகத்துக்கு அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அந்தக் காட்சியின் கவர்ச்சியினால் நான் ஒரு தவறு செய்தேன்.

போன வருஷம் தேர்வுத்தாள் திருத்தும் பணிக்காக நான் மூன்று வாரம் வெளியூர் செல்ல நேர்ந்தது. வகுப்பு நின்றுபோகக் கூடாதே என்று, என் குரலிலேயே அரை மணி நேரப் பயிற்சியைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினேன். “மூச்சை உள்ளே இழுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று…” என்று ஆறு வரையில் எண்ணி, வெளிவிடுவதற்கு எட்டு வரையில் எண்ணினேன். என் எண்ணிக்கை நிதானமானது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திரும்பி வந்தபோது வகுப்பில் பாதிப்பேர் இல்லை. விசாரித்தேன். இராத்திரி வேலை முடிந்து நேராக வந்த இரண்டு பெண்கள், என் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க மூச்சை இழுத்துப் பிடித்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம். மற்றவர்கள், தங்களுக்கு யோகம் வராது என்று தாங்களே தீர்மானித்து நின்றுவிட்டார்கள். “உங்க அளவுக்கு எங்களுக்கு மூச்சு இல்லை, சார்” என்று ஒருத்தி மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்.

நேரில் நான் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் பெண்ணின் தோள்கள் காதை நோக்கி எழும்போதே நாலாவது எண்ணிக்கையில் நிறுத்தியிருப்பேன். பதிவு செய்த குரலுக்குக் கண் இல்லை. அது என் மூச்சை எடுத்துக்கொண்டுபோய், இராத்திரி முழுவதும் நின்று களைத்தவர்களின் நெஞ்சுக்கு அளவுகோலாக வைத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழாசிரியனாகிய எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். திருமூலர் பிராணாயாமத்துக்குக் கணக்குச் சொல்லும்போது, இழுப்பதற்கு 16 மாத்திரை, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32 என்கிறார். இதைக் கடிகார விநாடி என்று கொண்டு, ‘டிக் டிக்’ ஓசையோடு ஒலிப்பதிவு போட்டுப் பழகுகிறவர்களை நான் அறிவேன். கூட்டிப் பாருங்கள்: ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகிறது! சும்மா இருக்கும் மனிதர் ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறார். அவர் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்கு ஒரு மூச்சு என்று ஆரம்பித்தால், மேலே சொன்ன புலி அவரைச் சும்மா விடுமா?

மாத்திரை என்றால் என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்: இயல்பாகக் கண் இமைக்கும் பொழுது, அல்லது கை நொடிக்கும் பொழுது. யாருடைய கண், யாருடைய கை என்று இலக்கண ஆசிரியர் கூறவில்லை. கூற வேண்டிய அவசியமும் இல்லை. பேசுகிறவனுடைய கண்தான், அவனுடைய கைதான். திருமூலர் தந்தது ஒன்றுக்கு நான்கு, அதில் பாதி என்ற விகிதம். அதன் அலகு, பயில்பவனுடைய உடம்பிலேயே இருக்கிறது. அந்த விகிதமும் பழகித் தேர்ந்தவர்க்கே உரியது. தொடங்குகிறவர்கள் மூச்சை நிறுத்தாமல், இழுப்பதையும் விடுவதையும் இதமாகச் செய்தாலே போதும்.

அப்படியானால் ஒலிப்பதிவே ஆகாதா? ஆகும். படுத்தபடியே கேட்கும் பயிற்சி ஒன்றுண்டு. முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி 1976-ல் ‘யோக நித்திரை’ என்ற நூலை வெளியிட்டு அதைப் பரப்பினார். உடம்பின் ஒவ்வோர் அங்கமாக நினைவைக் கொண்டு செல்லும்படி ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். கேட்பவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. இதில் படம் பார்க்கக் கண்ணைத் திறக்க வேண்டாம். எண்ணிக்கைக்கு மூச்சைப் பிடிக்க வேண்டாம். நடுவில் தூங்கிப் போனாலும் நஷ்டம் இல்லை. இராத்திரி வேலை முடிந்து, பகல் வெளிச்சத்தில் தூக்கம் வராமல் புரளும் பெண்களுக்கு இதைவிட ஏற்ற ஒலிப்பதிவு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பாட்டு.

வகுப்பில் பாட்டுப் போடும்படி என்னை வற்புறுத்துகிறவர்கள் அநேகர். “பாட்டு இருந்தா சுறுசுறுப்பா இருக்கும், சார்” என்கிறார்கள். இருக்கத்தான் இருக்கும். தாளம் உள்ள பாட்டுக்கு உடம்பைத் தன்பின் இழுத்துக்கொண்டு போகும் வல்லமை உண்டு. நாற்று நடுகிறவர்களுக்கும் ஏற்றம் இறைத்தவர்களுக்கும் அது பெரிய துணை. ஆனால் எங்கள் பெண்களின் நிலையை யோசியுங்கள். தொழிற்சாலையில் ‘லைன்’ என்று ஒன்று இருக்கிறது. சாமான் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். அது வரும் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். ஒரு நாளின் பெரும்பகுதியில் அவர்களுடைய உடம்பு தன் தாளத்தில் இயங்குவதில்லை. லைனின் தாளத்தில் இயங்குகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம், தன் மூச்சு என்ன வேகத்தில் போகிறது என்று கவனிக்கத்தான் அவர்கள் பாயில் உட்காருகிறார்கள். அங்கேயும் மத்தளத்தை வைத்து இன்னொரு லைனை ஓட்டுவதா? அறியாமல் என் ஒலிப்பதிவு செய்ததும் அதுதான்.

ஹடயோகப் பிரதீபிகையின் நான்காவது பகுதி நாதத்தைப் பற்றியது. ஆனால் அது கேட்கச் சொல்லும் நாதம் வெளியிலிருந்து வருவதன்று. முதலில் கடலும் இடியும் பேரிகையும் போலவும், போகப் போகக் குழலும் வண்டின் ரீங்காரமும் போலவும் உள்ளே எழும் ஒலிகளை அது வர்ணிக்கிறது. அந்த நிலை நமக்கு எட்டுமோ எட்டாதோ. காதைத் தன் உடம்பின் பக்கம் திருப்ப வேண்டும் என்ற அளவில் அந்தப் பாடம் எல்லாருக்கும் உதவும். ஆகவே பயிற்சியின்போது பாட்டு வேண்டாம் என்பது என் கட்சி. தொடங்குமுன் மனம் அடங்கவும், முடிந்து படுத்திருக்கும்போதும், வேண்டுமானால் வீணையிலோ புல்லாங்குழலிலோ ஓர் ஆலாபனையைக் கேட்கலாம். ஆலாபனைக்குத் தாளக்கட்டு இல்லை. அது யாருடைய மூச்சையும் பிடித்து இழுப்பதில்லை. வெறும் தம்புரா சுருதி இன்னும் உத்தமம்.

எல்லாவற்றிலும் சிறந்த பாட்டு, தானே வாய்விட்டுச் சொல்லும் பாட்டு. கிருஷ்ணமாசாரியார் 1952-ல் சென்னைக்கு வந்து, 1989-ல் நூறாண்டு நிறைந்து மறையும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். அவருடைய முறையில் ஓதுதலும் பயிற்சியின் ஓர் அங்கம். அவருடைய குமாரர் தேசிகாசார், எஞ்சினீயரிங் படித்தவர், 1976-ல் தந்தையின் பெயரால் சென்னையில் நிறுவிய யோக மந்திரம் நூல்களோடு ஓதலின் ஒலிப்பதிவுகளையும் வெளியிட்டிருக்கிறது. இதன் சூட்சுமம் எளிது: ஒரு வரியை நீட்டிச் சொல்லும்போது வெளிமூச்சு தானாகவே நீளுகிறது, எவரும் எண்ண வேண்டியதில்லை. அவரவர் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் வரியும் நீளும். வடமொழி தெரியாதவர் தேவாரமோ பாசுரமோ சொல்லலாம்; கிறிஸ்தவப் பெண் தன் ஞானப்பாட்டைச் சொல்லலாம்; முஸ்லிம் பெண் தன் பிரார்த்தனையைச் சொல்லலாம்; ஒன்றும் வேண்டாதவர் ‘அ’ என்ற எழுத்தை நீட்டினாலும் போதும்.

இவ்வளவும் யோசித்த பிறகும் மனம் சமாதானமாகவில்லை. புத்தகத்துக்கு வாயில்லை, பதிவுக்குக் கண்ணில்லை என்று குறை சொல்லிவிட்டேன். ஆனால் தை மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் எங்கேயோ, நான் எங்கேயோ. ஆசிரியர் ஒருவரிடமிருந்தே கற்க வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆசிரியர் இல்லாத ஊரில் என்ன செய்வது? இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வந்தது, எங்கள் வட்டாரத்தார் அனைவரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு பழங்கதை.

ஸ்ரீபெரும்புதூர் இராமாநுஜர் பிறந்த ஊர். அவருக்கு முற்பட்ட ஆசாரிய பரம்பரையில் தலையாயவர் நாதமுனிகள். மறைந்துபோயிருந்த நாலாயிரம் பாசுரங்களை மீட்டுக் கொணர்ந்து, இசை அமைத்து, தம் மருமக்கள் இருவருக்கு அவர் கற்பித்தார் என்பது வரலாறு. அவர் பெரிய யோகியுங்கூட. தம்முடைய யோக ரகசியத்தைக் குருகைக் காவலப்பன் என்ற சிஷ்யர் ஒருவரிடம் ஒப்படைத்து, பின்னால் தம் பேரர் ஆளவந்தாருக்கு அதைக் கற்பிக்கும்படி ஏற்பாடு செய்தார். காலம் வந்தபோது ஆளவந்தார் குருகைக் காவலப்பனைத் தேடிச் சென்றார். அவரும் தாம் உடம்பை விடப்போகும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்குள் வந்து பெற்றுக்கொள்ளச் சொன்னார். இதற்கிடையில், ஸ்ரீரங்கத்தில் உற்சவத்தின்போது அரையர் ஒருவர் திருவனந்தபுரத்தைப் பற்றிய பாசுரத்தை உருகிப் பாடினார். அந்தப் பாட்டே தமக்கு இட்ட ஆணை என்று கொண்டு ஆளவந்தார் திருவனந்தபுரம் சென்றார். அங்கே சேவித்து நின்றபோதுதான் குறிப்பை எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றுதான்! பறந்து செல்ல விமானம் இல்லையே என்று வருந்தினாராம். யோக ரகசியம் அத்துடன் போயிற்று என்று குருபரம்பரை நூல்கள் சொல்லுகின்றன.

ஒரே ஓர் ஆளிடம் வைத்த வித்தை, ஒரே ஒரு நாள் தவறியதனால் அழிந்தது. புத்தகமும் ஒலிப்பதிவும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் தேவையில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. பின்னர் ஆளவந்தாரைக் காண இராமாநுஜர் ஸ்ரீரங்கத்துக்கு ஓடி வந்தபோது, அவரும் ஒரு நாழிகை பிந்தியவர்தாம்; ஆளவந்தாருடைய உயிரற்ற திருமேனியைத்தான் கண்டார். ஆனால் இந்தத் தடவை வித்தை அழியவில்லை. ஏன்? ஆளவந்தார் தாம் அறிந்ததை ஒருவரிடம் மட்டும் வைத்திருக்கவில்லை. பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி என்னும் ஐவரிடம் வைத்துச் சென்றிருந்தார். ஆளவந்தாரைத் திருவனந்தபுரத்துக்குப் போகும்படி பாடிய அரையரே இந்த ஐவருள் ஒருவர் என்பது வியப்பு. இராமாநுஜர் ஒவ்வொருவரிடமும் சென்று, ஒவ்வொரு பகுதியாகப் பெற்றுக்கொண்டார்.

நாதமுனிகளின் வழித்தோன்றல் என்று தம்மைக் கருதிய கிருஷ்ணமாசாரியார், பதினாறாவது வயதில் ஆழ்வார் திருநகரியில் அந்த யோக ரகசியம் தமக்குத் தரிசனத்தில் கிடைத்தது என்று கூறினார். அந்நூலை யோக மந்திரம் பிற்காலத்தில் அச்சிட்டது. தரிசனத்தைப் பற்றி அவரவர் நம்பிக்கைப்படி நினைத்துக்கொள்ளலாம். நான் கவனிப்பது வேறொன்றை. அவரும் வித்தையை ஒருவரிடம் வைக்கவில்லை. அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், ரஷ்யப் பேரரசில் பிறந்த இந்திரா தேவி, குமாரர் தேசிகாசார் என்று பலரிடம் வைத்தார். ஒருவர் கற்பித்தது போல் மற்றொருவர் கற்பிக்கவில்லை. ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள்தாமா என்று சந்தேகம் உண்டாகும். கொள்பவர் உடம்புக்குத் தக்கபடி அவர் கொடுத்தார் என்பதற்கு அதுவே அடையாளம். தேசிகாசார் 1995-ல் வெளியிட்ட ‘தி ஹார்ட் ஆஃப் யோகா’ என்ற ஆங்கில நூலின் கருத்தும் இதுதான்: மனிதருக்காக யோகமே தவிர, யோகத்துக்காக மனிதர் அல்லர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். என் விடையைச் சொன்னேன். எளியமுறை உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்று, இப்போதைக்கு. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் உரையோடு, பின்னாளைக்கு. படுத்துக் கேட்க யோக நித்திரை ஒலிப்பதிவு ஒன்று. பாட்டு, உன் வாயிலேயே இருக்கிறது. நாலாவதாக, நீ கேட்காத ஒன்று: ஊருக்குப் போனவுடன் வகுப்பு நடத்தாதே, முதலில் நாலு பேரைச் சேர்த்துக்கொள். ஒருத்தி பயிலட்டும், ஒருத்தி எதிரில் உட்கார்ந்து அவள் விலா எலும்பு விரிந்து சுருங்குவதைப் பார்த்து எண்ணட்டும். எண்ணுகிறவள் மூச்சுக்கு முன்னால் போகக் கூடாது; மூச்சுக்குப் பின்னால்தான் எண்ணிக்கை போகவேண்டும். ஐந்து பேருக்கும் அது பழகிவிட்டால், ஒருத்தி கல்யாணமாகிப் போனாலும், ஒருத்தி வேலைக்குப் போனாலும், வித்தை ஊரில் நிற்கும்.

“இங்கேயே பழகிப் பாக்கலாமா, சார்?” என்றாள். ஆள் சேர்க்கப் போனாள். தன்னையும் சேர்த்து நாலு பேர்தாம் தேறினார்கள்; ஐந்தாவது பெண்ணுக்கு இராத்திரி வேலையாம், தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு வழியின்றி நானே ஐந்தாவது ஆளாகப் பாயில் உட்கார்ந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்து, மெல்ல எண்ணினாள். பத்து மூச்சு ஆனதும் நிறுத்தினாள்.

“ஆறுன்னு சொல்லுவீங்களே, சார்,” என்றாள் தயங்கியபடியே. “நாலரைதான் வருது.”